ஹடூப், காஃப்கா கிளஸ்டர்கள்: நிறுவுவதையும், வேலை நிற்காமல் புதுப்பிப்பதையும் தானியக்கமாக்குவது எப்படி?

கேள்வி

வணக்கம். பெருந்தரவைப் பல இயந்திரங்களில் (நோடுகளில்) பகிர்ந்து சேமிக்கும் ஹடூப்பில் 64 நோடுகள் கொண்ட ஒரு கிளஸ்டரையும், செய்தியோட்டங்களைக் கையாளும் காஃப்காவில் 9 புரோக்கர்கள் (அதன் சர்வர்கள்) கொண்ட ஒரு கிளஸ்டரையும் நாங்கள் நால்வர் பராமரித்து வருகிறோம். எல்லாம் சொந்த இயந்திரங்கள். கிளவுடில் எதுவும் இல்லை. முதல் 20 நோடுகளை நிறுவியவர் எழுதிவைத்துப் போன ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கே ஒட்டுப்போட்டு, நான்கு ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பிறகு வந்த நோடுகள் வேறு வேறு காலத்தில், வேறு வேறு கைகளால் சேர்க்கப்பட்டவை. எந்த நோடில் எந்த ஜாவா பதிப்பு இருக்கிறது என்று கேட்டால், உள்ளே நுழைந்து பார்த்துத்தான் சொல்ல முடிகிறது.

சென்ற மாதம் இயங்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவினோம். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு நோடாகப் போய், திருத்தத்தை நிறுவி, மறுதொடக்கம் செய்து, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் சேவை) பதில் சொன்னதும் அடுத்ததற்குப் போகும். புதிய கெர்னலில் வட்டுகளின் பெயர் வரிசை மாறிவிட்டது. ஒரு தொகுதி நோடுகளில் எஃப்எஸ்டேப் கோப்பு (எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்ற பட்டியல்) வட்டுகளை யுயுஐடி (மாறாத தனி அடையாள எண்) கொண்டு குறிக்காமல் சாதனப் பெயரால் குறித்திருந்தது; அதனால் 11 நோடுகளில் ஒன்றிரண்டு தரவு வட்டுகள் மவுண்ட் ஆகவில்லை (கோப்பமைப்பில் இணையவில்லை). வட்டு இணையாவிட்டாலும் தொடங்கலாம் என்ற 'நோஃபெயில்' அமைவு இருந்ததால் இயந்திரம் எந்தத் தடையுமின்றி எழுந்தது, நோடின் தரவைக் காக்கும் ஹடூப் சேவையான டேட்டாநோடும் எழுந்தது. ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் 'சரி' என்றே பதிந்தது. காலையில் பார்த்தபோது 37 பிளாக்குகளை (கோப்புகளின் துண்டுகளை) காணவில்லை என்றது, எந்தத் துண்டு எங்கே என்ற கணக்கை வைத்திருக்கும் நேம்நோடு. வட்டுகளைக் கையால் மவுண்ட் செய்த பின் அத்தனையும் திரும்பக் கிடைத்தன, ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை எங்களால் மறக்க முடியவில்லை.

இனி இப்படி நடக்கக் கூடாது என்பதால் முறையாகத் தானியக்கத்துக்கு மாற விரும்புகிறோம். ஆன்சிபிள், பப்பெட் போன்ற பொதுக் கருவியா, அம்பாரி போன்ற ஹடூப்புக்கே உரிய மேலாண்மைக் கருவியா, எல்லாவற்றையும் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸுக்குக் கொண்டுபோவதா? ஒரு நோடு முடிந்ததும் அடுத்ததற்குப் போகலாம் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? ஹடூப்பையே புதிய பதிப்புக்கு மாற்றும்போது ஏதேனும் தவறினால் எப்படித் திரும்பி வருவது? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

முதல் பதில்

உங்கள் இரண்டாவது கேள்விதான் முதலில் கேட்க வேண்டியது. கருவியைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். உங்கள் ஸ்கிரிப்டும் தானியக்கம்தானே? 64 நோடுகளிலும் கட்டளைகள் மனிதக் கை படாமல் ஓடின. இயந்திரம் எழுந்துவிட்டதா என்று அது கேட்டது. அந்த நோடு தன் தரவு முழுவதோடும் கிளஸ்டருக்குள் திரும்பிவிட்டதா என்று கேட்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காத எந்தக் கருவியை வாங்கி வைத்தாலும், அதே விபத்து இன்னும் விரைவாக நடக்கும்.

மவுண்ட் ஆகாத வட்டு ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இதில் பலர் சறுக்குகிறார்கள். வட்டு மவுண்ட் ஆகாதபோதும் அதற்கான கோப்புறை, இயங்குதளம் இருக்கும் மூல வட்டில் வெறுமையாக இருக்கும். அதில் எழுத அனுமதி இருந்தால், டேட்டாநோடு அதைப் புதிதாகச் சேர்க்கப்பட்ட சேமிப்பிடம் என்று எடுத்துக்கொண்டு, வடிவமைத்து, அங்கேயே எழுதத் தொடங்கிவிடும். வட்டு பழுதானால் 'தோல்வியடைந்த வட்டுகள்' என்ற எண்ணிக்கை கூடும். இங்கே பழுது எதுவும் இல்லாததால் அந்த எண் பூஜ்யமாகவே நிற்கும். பழைய பிளாக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் போவதோடு, மூல வட்டும் மெல்ல நிரம்பும். எனவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். எஃப்எஸ்டேபில் எல்லா வட்டுகளையும் யுயுஐடி கொண்டு குறியுங்கள். மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் கோப்புறைகளுக்கு 'சிஹெச்அட்டர்' கட்டளையால் மாற்றமுடியாத தன்மையைக் கொடுத்துவிடுங்கள். பிறகு டேட்டாநோடு அங்கே எழுதவே முடியாது. சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில், எல்லா வட்டுகளும் மவுண்ட் ஆகியிருந்தால் மட்டுமே டேட்டாநோடு தொடங்கும்படி முன்நிபந்தனை வையுங்கள்.

அடுத்து, ஒரு நோடைக் கழற்றி மீண்டும் சேர்க்கும் ஒழுங்கு. டேட்டாநோடு 3 விநாடிக்கு ஒருமுறை நேம்நோடுக்கு இதயத்துடிப்பு அனுப்பும். இயல்பான அமைவில் 10 நிமிடம் 30 விநாடி துடிப்பு வராவிட்டால் நேம்நோடு அதை இறந்ததாகக் கொண்டு, அதிலிருந்த பிளாக்குகளுக்கெல்லாம் வேறிடத்தில் புதுப் பிரதி எடுக்கத் தொடங்கும். நினைவகம் மிகுந்த சர்வர்கள் மறுதொடக்கத்துக்கு 15 நிமிடம் எடுப்பது சாதாரணம். அப்படியானால் ஒவ்வொரு மறுதொடக்கமும் பல டெராபைட் தரவை வீணே நகர்த்தும். நோடு திரும்பியதும் உபரிப் பிரதிகளை அழிக்கும் வேலை வேறு. இதைத் தவிர்க்கத்தான் ஹடூப் 2.9 முதல் 'பராமரிப்பு நிலை' இருக்கிறது. அதற்கு நோடுகளின் பட்டியலை ஜேசன் வடிவில் வைத்து, நேம்நோடு அவ்வடிவைப் படிக்கும்படி அமைக்க வேண்டும். அதில் நோடின் நிலையையும் அது காலாவதியாகும் நேரத்தையும் எழுதலாம். பராமரிப்புக்குள் நுழையும்போது, மற்ற நோடுகளில் குறைந்தது ஒரு பிரதியாவது இருப்பதை நேம்நோடு உறுதி செய்துகொள்ளும். இந்த ஒன்றை நான் இரண்டாக உயர்த்தி வைப்பேன்: ஒற்றைப் பிரதி மட்டும் எஞ்சியிருக்கும் நேரத்தில் இன்னொரு வட்டு போய்விட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நோடு திரும்பியதும் அதனிடமே நலம் விசாரிக்காதீர்கள், நேம்நோடைக் கேளுங்கள். ஹடூப் 3 என்றால் 9870 துறையில் (போர்ட்டில்) அளவீடுகளைத் தரும் ஜேஎம்எக்ஸ் முகவரி இருக்கிறது, ஸ்கிரிப்டிலிருந்தே படிக்கலாம். காணாமல் போன பிளாக்குகள் பூஜ்யமா, பிரதி குறைந்த பிளாக்குகளின் எண்ணிக்கை நோடைக் கழற்றுவதற்கு முன்பிருந்த அளவுக்கு இறங்கிவிட்டதா, அந்த நோடின் மொத்தக் கொள்ளளவு முன்பு இருந்ததேதானா என்ற மூன்றையும் பாருங்கள். கொள்ளளவைப் பார்த்திருந்தாலே உங்கள் விபத்து முதல் நோடிலேயே நின்றிருக்கும், ஏனெனில் வட்டு விடுபட்டால் அந்த எண் உடனே குறையும்.

கருவிக்கு வருகிறேன். நால்வர் குழுவுக்கு ஆன்சிபிள் போதும் என்பது என் கருத்து. ஆனால் இரண்டு கண்ணிகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். முதலாவது 'சீரியல்' அமைவு. அதை 4 என்று வைத்தால் நான்கு நான்காகப் போகும். நான்கில் ஒன்று தோற்றாலும் மற்ற மூன்றையும் முடித்துவிட்டு அடுத்த நான்குக்குப் போய்விடும். தோல்வி விழுக்காட்டின் உச்சவரம்பைப் பூஜ்யமாக வைத்தால்தான் ஒன்று தோற்றதும் நிற்கும். இரண்டாவது 'ஹேண்ட்லர்'. அமைவுக் கோப்பு மாறினால் சேவையை மறுதொடக்கம் செய்யும் பணியை ஹேண்ட்லராக எழுதுவோம். அது இயல்பாக எல்லாப் பணிகளுக்கும் பிறகே ஓடும். கோப்பை மாற்றிய பிறகு இடையில் ஏதாவது தோற்றால் ஹேண்ட்லர் ஓடாது. தோல்வியைச் சரிசெய்து மீண்டும் ஓட்டும்போது கோப்பு ஏற்கெனவே மாறியிருப்பதால், மாற்றம் எதுவும் இல்லை என்று ஆன்சிபிள் சொல்லிவிடும். மறுதொடக்கம் நடக்கவே நடக்காது. கோப்பில் புதிய மதிப்பும் நினைவகத்தில் பழைய மதிப்புமாக ஒரு நோடு மாதக்கணக்கில் ஓடியதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே மறுதொடக்கத்தை ஹேண்ட்லரிடம் விடாமல், ஓடிக்கொண்டிருக்கும் சேவை எப்போது தொடங்கியது, கோப்பு எப்போது மாறியது என்று ஒப்பிட்டு முடிவு செய்யும் தனிப் பணியாக எழுதுகிறேன்.

இரண்டாம் பதில்

மேலே சொன்ன அனைத்தும் சரி. பப்பெட் பயன்படுத்துவோர் பொருட்டு ஒன்றைச் சேர்க்கிறேன். பப்பெட்டின் முகவர் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, கோப்பு மாறியிருந்தால் அதைச் சார்ந்த சேவையை மறுதொடக்கம் செய்யும். வலைச் சர்வர்களுக்கு அது வசதி. ஆனால் 64 டேட்டாநோடுகளும் ஒன்றையொன்று அறியாமல், அதே அரைமணி நேரத்துக்குள் தத்தம் இஷ்டப்படி மறுதொடக்கம் ஆவதை எண்ணிப் பாருங்கள். கோப்புகளைச் சீராக வைத்திருக்கும் வேலையைப் பப்பெட்டிடம் கொடுக்கலாம். மறுதொடக்கத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். வரிசை பார்த்து நடத்த மேலே ஒருவர் வேண்டும்.

காஃப்காவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே ஹடூப்பைவிட அளவுகோல் எளிது: பிரதி பின்தங்கிய பார்ட்டிஷன்களின் (செய்தித் தொகுப்பின் பகுதிகளின்) எண்ணிக்கை கிளஸ்டர் முழுவதிலும் பூஜ்யமானால்தான் அடுத்த புரோக்கரைத் தொட வேண்டும். பூஜ்யமாகிச் சில நிமிடங்கள் நிலைத்தும் நிற்க வேண்டும், ஏனெனில் புரோக்கர் எழுந்த உடனே அந்த எண் ஏறி இறங்கும். கிளஸ்டரை ஒருங்கிணைக்கும் கன்ட்ரோலராக இருக்கும் புரோக்கரைக் கடைசியில் எடுங்கள். இல்லையெனில் அந்தப் பொறுப்பு ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் கைமாறிக்கொண்டே இருக்கும்.

தொடங்குவதற்கு முன் டாப்பிக்குகளின் (தனித்தனிச் செய்தித் தொகுப்புகளின்) பட்டியலை எடுத்துப் பாருங்கள். பிரதி 3, ஒத்திசைந்த பிரதிகளின் குறைந்தபட்சம் 2 என்று எல்லாமே இருந்தால் ஒரு புரோக்கர் போனாலும் எழுதுவது நிற்காது. யாரோ சோதனைக்கென்று ஒற்றைப் பிரதியோடு தொடங்கி, பிறகு உற்பத்திக்கே பயன்பட்டுவரும் டாப்பிக் ஒன்றாவது நிச்சயம் இருக்கும். இரண்டு பிரதிக்கு குறைந்தபட்சமும் இரண்டு என்று வைத்திருப்பதும் அதே கதைதான்: அந்தப் புரோக்கர் கீழே இருக்கும் நேரம் முழுவதும், எல்லாப் பிரதிகளின் ஒப்புதலையும் கேட்கும் எழுத்து நின்றுவிடும். இவற்றைக் கண்டால் புதுப்பிப்பே தொடங்காதபடி முன்சோதனையை எழுதிவைத்தோம். அந்தச் சோதனை எங்களை மும்முறை தடுத்து நிறுத்தியிருக்கிறது, மூன்றுமே நியாயமான தடுப்பு.

பதிப்பு மாற்றத்தை இரண்டு சுற்றாகச் செய்யுங்கள். ஜூகீப்பரோடு (கிளஸ்டரின் நிலையைக் காக்கும் தனி மென்பொருள்) ஓடும் கிளஸ்டரில் முதல் சுற்றில் நிரலை மட்டும் மாற்றி, புரோக்கர்களுக்கிடையிலான நெறிமுறைப் பதிப்பைப் பழையதிலேயே வைத்திருக்க வேண்டும். சில நாள் ஓடவிட்டு, சிக்கல் இல்லை என்று தெரிந்த பிறகு இரண்டாம் சுற்றில் அதை உயர்த்தலாம். முதல் சுற்று வரை பின்வாங்கலாம். இரண்டாம் சுற்றுக்குப் பிறகு முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 2025 மார்ச்சில் வந்த காஃப்கா 4.0-இல் ஜூகீப்பர் அறவே இல்லை. நீங்கள் இன்னும் ஜூகீப்பரில் இருந்தால், 3.9 போன்ற ஓர் இடைப்பதிப்பில், ஜூகீப்பருக்கு மாற்றாகக் காஃப்காவுக்குள்ளேயே இருக்கும் கேராஃப்டுக்கு மாறிய பிறகே 4.0-க்குப் போக முடியும். இதைத் தானியக்கம் செய்ய முனையாதீர்கள். ஒரே ஒருமுறை செய்யும் வேலை. ஒத்திகை பார்த்துவிட்டுக் கையால், ஒவ்வொரு படியாகச் செய்வதே நல்லது.

மூன்றாம் பதில்

திரும்பி வருவது பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எச்டிஎஃப்எஸ் (ஹடூப்பின் கோப்பமைப்பு) பதிப்பு மாற்றத்தில் நான் சூடு கண்டிருக்கிறேன்.

ஹடூப் 2.4 முதல் நிறுத்தாமல் பதிப்பு மாற்றும் வசதி இருக்கிறது. அதற்கு நேம்நோடு இணையாக இருக்க வேண்டும், அதாவது ஒன்று செயலிலும் ஒன்று காத்திருப்பிலும். முதலில் 'டிஎஃப்எஸ்அட்மின்' கட்டளையில் 'ரோலிங்அப்கிரேட் பிரிப்பேர்' என்று சொன்னால், திரும்பி வருவதற்கென்று நேம்நோடு ஒரு படிமத்தை எடுத்து வைக்கும். அது தயார் என்று வினவி உறுதி செய்த பிறகு, காத்திருக்கும் நேம்நோடைப் புதிய பதிப்பில் எழுப்பி, பொறுப்பை அதற்கு மாற்றி, பழையதையும் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகே டேட்டாநோடுகள், சிறு சிறு குழுக்களாக. எல்லாம் முடிந்து நம்பிக்கை வந்ததும் 'ஃபைனலைஸ்'.

இங்கே பலரும் குழப்பிக்கொள்வது 'டவுன்கிரேட்', 'ரோல்பேக்' என்ற இரண்டையும். டவுன்கிரேட் என்றால் நிரல் மட்டும் பழையதாகும், இடைக்காலத்தில் எழுதிய தரவு அப்படியே இருக்கும். கிளஸ்டரை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் இரு பதிப்புகளுக்கும் இடையே சேமிப்பமைப்பின் பதிப்பு எண் மாறாதிருந்தால்தான் அது இயலும் என்கிறது ஹடூப்பின் ஆவணம். வரிசையும் தலைகீழாகி, டேட்டாநோடுகள் முதலிலும் நேம்நோடுகள் பின்னுமாக வர வேண்டும். ரோல்பேக் என்றால் பிரிப்பேர் சொன்ன கணத்துக்கே எல்லாம் திரும்பும்: அதற்குப் பிறகு எழுதியவை போய்விடும், கிளஸ்டரையும் முழுமையாக நிறுத்தியாக வேண்டும். இந்த இரண்டில் எது சாத்தியம் என்பதைப் புதுப்பிப்பின் நடுவில் தேடக் கூடாது. எந்தப் பதிப்பிலிருந்து எதற்குப் போகிறீர்கள் என்பதை வைத்து, முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள்.

நான் கண்ட சூடு இதுதான். பிரிப்பேருக்கும் ஃபைனலைஸுக்கும் இடையே பயனர்கள் அழிக்கும் கோப்புகளின் பிளாக்குகள் உண்மையில் அழிவதில்லை. ரோல்பேக்குக்குத் தேவைப்படலாம் என்பதால் டேட்டாநோடு அவற்றைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கும். இரண்டு வாரம் கவனித்துவிட்டு ஃபைனலைஸ் செய்யலாம் என்று இருந்தோம். எங்கள் இரவுநேர வேலைகள் நாள்தோறும் இடைநிலைக் கோப்புகளை எழுதி அழிப்பவை. ஆறாம் நாள் மாலை 71 விழுக்காட்டிலிருந்த வட்டுப் பயன்பாடு 93-ஐத் தாண்டியிருந்தது. கோப்புகளை அழிக்க அழிக்க இடம் குறைந்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது கொடுமை, ஏனெனில் அழித்தால் இடம் கிடைக்கும் என்று அனைவருக்கும் நாங்களே மின்னஞ்சல் அனுப்பியிருந்தோம். இறுதியில் நினைத்ததைவிட முன்னதாகவே ஃபைனலைஸ் சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே ஒரு நாளைக்கு எவ்வளவு தரவு அழிகிறது என்று முன்கூட்டியே அளந்து, காலியிடத்தை அதனால் வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் கவனித்திருக்கலாம் என்பதை அந்த எண்தான் சொல்லும்.

அம்பாரியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது 2022 ஜனவரியில் அப்பாச்சியின் அட்டிக்குக்கு (ஓய்வுபெற்ற திட்டங்களின் கிடங்குக்கு) போய், அதே ஆண்டிலேயே மீண்டும் உயிர்பெற்றது. புதியவர்கள் கையில் வளர்ந்துவருகிறது என்றாலும், புதிதாகத் தொடங்குவோருக்கு அதை உடனே பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு. தொகுப்புகளைச் சீராகப் பெற அப்பாச்சி பிக்டாப் நல்ல தேர்வு. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பதிப்புகளை அவர்களே சோதித்து வெளியிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் உழைத்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் எதையும் மாற்றாமல், நோடுகள் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆன்சிபிளில் எழுதி, சோதனை முறையில் மட்டும் 64 நோடுகள் மீதும் ஓட்டினோம். ஜாவாவில் நான்கு பதிப்புகள், ஒன்பது நோடுகளில் கோப்புத் திறப்பு வரம்பு வேறு, இரண்டு நோடுகளில் நேரம் ஒத்திசைக்கும் சேவையே இல்லை. கெர்பரோஸ் (நேரம் சார்ந்து அடையாளம் சரிபார்க்கும் முறை) பிழை என்று அவ்வப்போது வந்து போய்க்கொண்டிருந்த ஒன்றுக்கு அந்த இரண்டு நோடுகள்தான் காரணம் என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஒரு வாரம் முழுவதும் இந்த வேறுபாடுகளைக் களைவதிலேயே போயிற்று.

பிறகு முதல் பதிலில் சொன்ன ஒழுங்கை எழுதினோம். ஒரு நோடுக்கு 25 நிமிடம் பிடிக்கிறது. ஒவ்வொன்றாகப் போனால் 64-க்கு ஏறத்தாழ 27 மணி நேரம் ஆகும். எங்களிடம் எந்த நோடு எந்த ரேக்கில் (சர்வர் அடுக்கில்) என்ற விவரம் சரியாக இருப்பதால், ஒரே ரேக்குக்குள் நான்கு நான்காக எடுத்து ஏழு மணி நேரத்துக்குள் முடிக்கிறோம். ஒரு பிளாக்கின் மூன்று பிரதிகளும் ஒரே ரேக்கில் இருக்காது என்பதால் இது பாதுகாப்பு என்று நம்புகிறேன். சரிதானா?

நேற்று நடந்த முதல் ஓட்டத்தில் மூன்றாவது குழுவிலேயே அது தானாக நின்றது. ஒரு நோடின் கொள்ளளவு குறைந்திருந்தது. போய்ப் பார்த்தால், ஒரு வட்டு உண்மையாகவே பழுது.

முதல் பதில் எழுதியவர்

வட்டுப் பழுதில் அது நின்றதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

ரேக் கணக்கு சரி, ஒரு நிபந்தனையோடு. இயல்பான விதிப்படி முதல் பிரதி ஒரு ரேக்கிலும், மற்ற இரண்டும் வேறொரு ரேக்கின் இரு நோடுகளிலும் வைக்கப்படும். எனவே நீங்கள் எடுக்கும் நான்கு நோடுகளில் ஒரு பிளாக்கின் இரண்டு பிரதிகள் அகப்படலாம். அப்போது வெளியே ஒன்றுதான் எஞ்சும். பராமரிப்புக் குறைந்தபட்சத்தை 2 என்று வைத்திருந்தால் நேம்நோடு அப்படிப்பட்ட பிளாக்குகளை முதலில் வேறிடத்தில் பிரதியெடுத்துவிட்டுத்தான் நான்கு நோடுகளையும் விடும். நுழைவதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ரேக் விவரம் சேர்ப்பதற்கு முன்பு எழுதப்பட்ட பழைய கோப்புகள் இருந்தால், ஒருமுறை எஃப்எஸ்சிகே (கோப்பமைப்பைச் சோதிக்கும் கட்டளை) ஓட்டி, ரேக் விதியை மீறி வைக்கப்பட்ட பிளாக்குகள் எத்தனை என்று பாருங்கள். அந்த எண் பூஜ்யமாகும் வரை நான்கு நான்காகப் போக வேண்டாம், ஒவ்வொன்றாகவே போங்கள்.